பல் டாக்டரை உள்ளே அழைத்த வரி

அச்சகத்தில் அவளை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளோ ஒரு நாள்கூட எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு, நல்ல வேலை கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று வந்து உட்கார்ந்த நாற்காலி அது. ஆறு வருஷம் ஓடிவிட்டது. நாற்காலிக்கு இரண்டு தடவை பின்னல் மாற்றியாயிற்று, உட்கார்ந்திருக்கிற ஆள் மாறவில்லை.

மாடியில், காகிதக் கட்டுகளுக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவே அவளுடைய அறை. புத்தகமாகப் போகிற தாள்களை அங்கே வரி வரியாகப் படித்து, சிவப்புப் பேனாவால் பிழை திருத்துவாள். புத்தகம் அச்சாகி வந்ததும் இரண்டாம் பக்கத்தில், எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில், ‘பிழை திருத்தம்’ என்று போட்டு அவள் பெயர் இருக்கும். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவள் அப்பா அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்து, கிரீஸ் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டுவார். அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான்.

அவளுக்கு ஆசை இரண்டாம் பக்கத்தின்மேல் இல்லை. அட்டையின்மேல்.

கீழ்த்தளத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து பக்கங்களைத் தட்டச்சு செய்கிறவனுக்கு ரெட்டைவிரல் என்று பெயர் வைத்திருந்தார்கள். பத்தாம் வகுப்பில் தவறியவன். இரண்டே விரலால் அடிப்பான். பத்து விரலால் அடிக்கப் பழகியவர்கள் அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் முகம் தொங்கிப்போய் எழுந்துவிடுவார்கள். டீச்சரைவிட இரண்டு வயது சின்னவன். அவள் சேர்ந்த முதல் மாதத்தில், அவள் சிவப்பில் அடித்திருந்த ஒரு வரியைக் காட்டி, “டீச்சர், இது இருந்தா நல்லாத்தானே இருக்கு? ஏன் எடுக்கறீங்க?” என்று கேட்டான். அன்றைக்குக் காலையில்தான் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து, இடம் இல்லை என்று அவளுக்குக் கடிதம் வந்திருந்தது.

“நீ எதுவரைக்கும் படிச்சிருக்கே?”

அவன் தாளைக் கீழே இறக்கினான்.

“படிச்சவங்க அடிச்சா அடிச்சபடி எடு. காரணம் கேக்காதே.”

இதை அவள் அன்று மத்தியானமே மறந்துவிட்டாள். அவன் அதற்குப் பிறகு கேட்டதேயில்லை. அவள் அடித்தால் எடுத்துவிடுவான், சேர்த்தால் சேர்த்துவிடுவான். திருத்திய தாளை வாசலில் நின்று நீட்டுவான், வாங்கிக்கொண்டு போவான். ஆறு வருஷமாக அந்த அறைக்குள் காலடி வைத்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த அச்சகத்துக்குள்தான் ரத்தக்காட்டேரி வந்து சேர்ந்தது.

‘பகல் காணாதவர்’ என்ற தொலைக்காட்சித் தொடரை ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. கதாநாயகர் ஒரு பல் டாக்டர். மாலை ஏழு மணிக்கு மேல்தான் கிளினிக்கைத் திறப்பார், ஏனென்றால் அவர் இருநூறு வருஷமாகச் சாகாத காட்டேரி. அவரிடம் வேலை செய்யும் நர்சுக்கு அவர்மேல் காதல். காட்டேரிக்குச் சில சட்டங்கள் உண்டு. வெயில் ஆகாது. கண்ணாடியில் உருவம் விழாது. வீட்டு ஆட்கள் வாயைத் திறந்து உள்ளே வா என்று கூப்பிடாமல் எந்த வீட்டு நிலைப்படியையும் தாண்ட முடியாது. ஒரு தரம் கூப்பிட்டுவிட்டால் போயிற்று, அப்புறம் எப்போது வேண்டுமானாலும் வருவார்.

“காட்டேரி பல்லு டாக்டரா இருக்கறதுல ஒரு சௌகரியம் பாத்தீங்களா டீச்சர்?” என்பாள் பைண்டிங் அக்கா. புத்தகம் தைக்கும் பிரிவில் இருப்பவள், வாய் சும்மா இருக்காது. “ஆளுங்களே வந்து கழுத்தைச் சாய்ச்சு உக்காந்துக்கறாங்க.”

அந்தத் தொடரை நாவலாகப் போடும் உரிமை முதலாளிக்குக் கிடைத்தது. யாரை எழுத வைக்கலாம் என்று அவர் யோசித்தபோது டீச்சர் தானாகவே போய்க் கேட்டாள். மாதிரிக்கு முப்பது பக்கம் எழுதிக் கொடுத்தாள். அப்பா பணிமனையில் சொல்லிவிட்டார். அம்மா தைக்க வந்த துணிகளோடு சேர்த்து இந்தச் சேதியையும் தெருவெல்லாம் கொடுத்தனுப்பினாள்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். “நல்லா இருக்கும்மா. படிச்ச பொண்ணு எழுதினதுன்னு ஒவ்வொரு வரியிலயும் தெரியுது. ஆனா முதல் பத்து பக்கம் மழை பெய்யுது. மழை நின்னு டாக்டர் வர்றதுக்குள்ள எனக்குக் கண்ணு சொக்கிடுச்சு.”

அதே வாரம் டீ நேரத்தில், முந்தின நாள் பகுதியைத் தவறவிட்ட பைண்டிங் அக்காவுக்கு ரெட்டைவிரல் கதை சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டர் மாதிரி கை கழுவினான், நர்சு மாதிரி மூச்சை இழுத்தான். பைண்டிங் அக்காவின் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. வழியில் போன முதலாளி நின்று கடைசிவரை கேட்டார். பிறகு அவன் தோளைத் தட்டி, “இப்ப சொன்னியே, அதை அப்படியே அடி” என்றார்.

அவ்வளவுதான். நாவல் அவன் கைக்குப் போய்விட்டது.

நல்ல எழுத்தாளர் யாருக்காவது கொடுத்திருந்தால்கூட டீச்சர் தாங்கியிருப்பாள். பத்தாவது தவறியவன்! அவள் இரவும் பகலும் முட்டி மோதி வாங்கிய பட்டம் எதற்கு? கூட்டத்தில் வரிசையில் நின்றவளைத் தள்ளிவிட்டு, பின்னால் நின்றவனைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனது போல இருந்தது. அதைவிடக் கொடுமை, அவன் எழுதுவதைத் திருத்தும் வேலை அவளுக்கு.

அவன் கையால் எழுதிப் பழகாதவன். நேராகக் கணினியிலேயே அடித்தான். அதனால் கையெழுத்துப் பிரதி என்று ஒன்று இல்லை. முதலில் எடுக்கும் திருத்தப் படி, அதைத்தான் முதல் புரூஃப் என்பார்கள், அது ஒன்றே அந்த நாவலுக்கு மூலம். அவள் திருத்திக் கொடுத்தால், பழையதன்மேலேயே புதியதை ஏற்றிவிடுவான்.

தப்பு நிறைய இருக்கும் என்று ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தாள். எழுத்துப் பிழை இருந்தது. ஆனால் கதை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியது. பதினோராம் அத்தியாயத்தில், நர்சுக்கு டாக்டர்மேல் முதல் சந்தேகம் வரும் இடம். நோயாளியின் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை டாக்டர் பிடித்திருக்கிறார். நர்சு எட்டிப் பார்க்கிறாள். ‘கண்ணாடியில் பல் தெரிந்தது, பல்லுக்குப் பின்னால் நாக்கு தெரிந்தது, பிடித்திருந்த விரல் மட்டும் தெரியவில்லை’ என்று அடித்திருந்தான் ரெட்டைவிரல்.

டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டாள். இது தனக்கு ஏன் தோன்றவில்லை? முப்பது பக்கத்தில் எத்தனை உவமை போட்டாள், எத்தனை அகராதி புரட்டினாள்! அந்த வரியில் படிப்பு தேவைப்பட்ட சொல் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள். நாவல் எழுதுகிறவரைப் படம் எடுக்க வேண்டுமாம். ரெட்டைவிரலுக்கு முதலாளியின் கோட்டைப் போட்டுவிட்டார்கள். கை நீளம் போதாமல் மணிக்கட்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பின்னணிக்கு அழகாக இருக்கும் என்று டீச்சரின் அறையில் இருந்த அகராதிகளை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் அடுக்கினார்கள்.

“டீச்சர், நீங்களும் வாங்களேன், ஒரு ஓரமா நிக்கலாம்” என்று பைண்டிங் அக்கா மாடிப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

“எனக்கு வேலை இருக்கு.”

வேலை செய்யத்தான் செய்தாள். அன்று மத்தியானம் பதினொன்றிலிருந்து பதினாறாம் அத்தியாயம்வரை அவள் பேனா ஓடிய ஓட்டம் வேறு எந்த நாளும் ஓடியதில்லை. கண்ணாடி வரியை அடித்தாள். சிரிப்பு வந்த இடங்களை அடித்தாள். வாசல் பேச்சு, படிக்கட்டுப் பேச்சு, எதையும் விடவில்லை. ஓரத்தில் ‘தேவையில்லை’, ‘வளவள’, ‘வெறும் பேச்சு’ என்று எழுதித் தள்ளினாள். வாசலில் வந்து நின்றவன் தாள்களை வாங்கிப் பார்த்தான். முகத்தில் இன்னும் பவுடர் இருந்தது.

“நிறைய இருக்கா டீச்சர்?”

“இருக்கு.”

“சரிங்க டீச்சர்” என்று போய்விட்டான்.

பத்து நாள் கழித்து இரண்டாம் புரூஃப் வந்தது. அதை ஒருமுறை பார்த்து, தொலைக்காட்சி நிலையத்தின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார்: அவர்களுக்குப் பிடித்தால் இரண்டாம் பாகமும் ரெட்டைவிரலுக்கு, ஏதாவது கோளாறு என்றால் டீச்சருக்கு.

பதினாலாம் அத்தியாயத்தில் அவள் நின்றுவிட்டாள். திரும்பப் படித்தாள். டாக்டர் முதல்முறையாக நர்சின் வீட்டுக்கு வருகிறார். நர்சின் அம்மா கதவைத் திறக்கிறாள். அடுத்த வரியில் டாக்டர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை! காட்டேரி, கூப்பிடாமலே நிலைப்படியைத் தாண்டிவிட்டது. இருபதாம் அத்தியாயத்திலோ அதே அம்மா, “நான்தானே உள்ள கூப்பிட்டேன், பாவி நான்தானே கூப்பிட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். முழுக் கதையும் அந்த ஒரு அழைப்பில்தான் தொங்குகிறது. தொடரைப் பார்த்த சின்னக் குழந்தைகூட இதைக் கண்டுபிடித்துவிடும்.

அவள் நெஞ்சு குதித்தது. அந்தக் குதிப்பு நல்லதில்லை என்று தெரிந்தும் குதித்தது.

வழக்கப்படி ஓரத்தில் ஒரு குறி போட்டுக் கீழே அனுப்பியிருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் கெடக்கூடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தாளை எடுத்துக்கொண்டு நேரே முதலாளியிடம் போனாள்.

முதலாளி படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “இது மட்டும் அங்க போயிருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும். கதை சொல்றப்ப தேனா சொல்றான், எழுதறப்ப கோட்டை விடறானே! ரெண்டாம் பாகம் நீயே எழுதும்மா. மழையை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோ. நாளைக்கு முதல் புரூஃபையும் எடுத்துட்டு வா, எங்கெங்க சறுக்கியிருக்கான்னு அவன் எதிர்லயே காட்டிடலாம்.”

அன்று சாயங்காலம் வீட்டில் சேதி சொன்னாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு அப்போதே வெளியே கிளம்பினார். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, “சும்மா, கடைப்பக்கம்” என்றார். எதையும் வாங்காமல் ஒரு மணி நேரம் கழித்து வந்தார்.

காலையில் டீச்சர் அலமாரியிலிருந்து முதல் புரூஃப் கட்டை இறக்கினாள். பதினாலாம் அத்தியாயம், நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம். அம்மா கதவைத் திறக்கிறாள். அதற்குக் கீழே ஒரு வரி:

‘“வாங்க தம்பி, வாசல்லயே நின்னா எப்படி? உள்ள வாங்க.”’

அதன்மேல் சிவப்புக் கோடு. ஓரத்தில் அவளுடைய கையெழுத்து: ‘வெறும் பேச்சு. நீக்கவும்.’ அழுத்திய அழுத்தத்தில் பேனா முனை தாளைக் கிழித்திருந்தது.

காட்டேரிக்குச் சட்டம் இருப்பது அவளுக்குத் தெரியாதா? இந்த வரியை அடித்தபோது அவள் கதையைப் படிக்கவேயில்லை. கோட்டுக்கு வெளியே துருத்திய மணிக்கட்டையும் அவன் பக்கத்தில் அடுக்கிய தன் அகராதிகளையும் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய பக்கத்தின்மேல் புதியது ஏறிவிட்டது. அவன் அந்த வரியை எழுதினான் என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி இந்தத் தாள். அவள் அதை உருவி, நாலாக மடித்து, கைப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தாள். இரண்டாம் பாகம், அட்டையில் பெயர், அப்பா ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்த கடைப்பக்கம், எல்லாம் அந்த மடிப்புக்குள் இருந்தது.

பைண்டிங் அக்கா கைகழுவ வந்தவள் எட்டிப் பார்த்தாள். “சேதி தெரியுமா? காலங்கார்த்தால முதலாளி அந்தப் பயலைக் காய்ச்சி எடுத்துட்டார். அவன் வாயே திறக்கலை. மத்த நேரம் கதை சொல்ல வாய் காது வரைக்கும் கிழியுது.”

“ஒண்ணுமே சொல்லலையா?”

“‘தப்புதான் சார்’னான்.”

கொஞ்ச நேரத்தில் அவனே வாசலில் வந்து நின்றான். “முதலாளி முதல் புரூஃபோட உங்களை வரச்சொன்னார் டீச்சர்.”

அவள் எழுந்திருக்கவில்லை. “அந்த அம்மா டாக்டரை உள்ள கூப்பிடற மாதிரி நீ எழுதியிருந்தே இல்ல?”

“எழுதியிருந்தேன்.”

“அப்புறம்?”

“நீங்க அடிச்சிருந்தீங்க. எடுத்துட்டேன்.”

“அது இல்லேன்னா கதையே நிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் டீச்சர்.”

“அப்புறம் ஏன் கேக்கலை?”

அவன் நிலைக்கட்டையைச் சுரண்டிக்கொண்டு நின்றான். “காரணம் கேக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. வந்த புதுசுல. வேற எங்கயாவது சேர்த்து சரி பண்ணியிருப்பீங்க, படிக்காததால எனக்குத்தான் பிடிபடலைன்னு நெனச்சேன்.”

“இன்னைக்காவது முதலாளிகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“உங்க பேனா தப்புன்னு நான் சொன்னா யார் டீச்சர் நம்புவாங்க?” குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிறவன் மாதிரி சொன்னான்.

வெட்கம் வந்தது, ஆனால் அதற்கும் முன்னால் அவளுக்கு வந்தது பொறாமைதான். திட்டு வாங்கிக்கொண்டு வந்து இவனால் எப்படி இப்படி நிற்க முடிகிறது? தன் இடத்தில் அவன் இருந்திருந்தால் அந்தத் தாள் இந்நேரம் முதலாளி மேசையில் இருந்திருக்கும். அவனுக்கு அது யோசிக்க வேண்டிய விஷயமாகவே இருந்திருக்காது. அது அவளுக்குத் தாங்கவில்லை. பையைத் திறந்து, டப்பாவை நகர்த்தி, தாளை எடுத்தாள்.

முதலாளி மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“நான் அடிச்சது சார்” என்றாள்.

“கவனிக்காம அடிச்சிட்டியாம்மா?” அவர் ஒரு வழியைத் திறந்துவிட்டார். ஆமாம் என்றால் போதும்.

“இல்ல சார். அன்னைக்கு அவனைப் போட்டோ எடுத்தாங்க.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

“ரெண்டாம் பாகம் அவன்தான் எழுதுவான்” என்றார் கடைசியில்.

“சரிங்க சார்.”

“திருத்தறது நீதான். ஆனா இனிமே அடிக்கற எடத்துல எல்லாம் ஏன்னு பக்கத்துல எழுதணும். அவன் கேட்டா பதில் சொல்லணும்.”

அன்று வீட்டில் அப்பாவுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார். நகக்கண்ணில் இருந்த கிரீஸ் போகிறவரைக்கும் தேய்த்துக் கழுவினார்.

“அப்போ அட்டையில உன் பேர் வராதா பாப்பா?”

“வராதுப்பா. எப்பவும் போல ரெண்டாம் பக்கத்துலதான்.”

“எழுத்தையாவது கொஞ்சம் பெருசாப் போடுவாங்களா? எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல.”

மறுநாள் காலை அவள் முதல் புரூஃபை மேசையில் விரித்து வைத்துக்கொண்டாள். கணினியில் ரெட்டைவிரல் அந்த ஒரு வரியை மட்டும் திரும்பச் சேர்த்திருந்தான். போட்டோ நாளில் அவள் அடித்த மற்றதெல்லாம் அடித்தபடியே கிடந்தது. அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தப்பாக அடித்துவிட்ட வரிக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தால், அது இருக்கட்டும் என்று அர்த்தம். கண்ணாடி வரிக்குக் கீழே முதலில் வைத்தாள். பல், நாக்கு, தெரியாத விரல். ஒவ்வொரு புள்ளியும் சுருக்கென்றது. நன்றாக இருந்த வரிகள் எல்லாம் இன்னும் நன்றாகவே இருந்தன, அதை அவளே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது. மத்தியானத்துக்குள் ஆறு அத்தியாயத்துக்கும் புள்ளி வைத்துவிட்டாள்.

பதினோரு இடத்தில் மட்டும் வைக்கவில்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தாள். அன்றைக்கு எரிச்சலில் அடித்ததுதான், ஆனால் இன்றைக்குப் பார்த்தாலும் அவை வேண்டாதவைதான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதிக் கீழே அனுப்பினாள்.

அரை மணி நேரத்தில் அவன் வாசலில் நின்றான். கையில் ஒரு தாள்.

“டீச்சர்.”

“என்ன?”

“பன்னெண்டாவது அத்தியாயம். கிளினிக் நாற்காலி தானா கீழ இறங்கற எடம். ‘முன்னாடியே வந்துடுச்சு’ன்னு எழுதியிருக்கீங்க.” தொண்டையைச் செருமிக்கொண்டான். “முன்னாடி வந்தது நாற்காலி ஏறுறது. இது இறங்கறது. இது இருக்கணும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் காது சிவந்திருந்தது, ஆனால் தாளை மடக்காமல் பிடித்திருந்தான்.

“இருக்கக்கூடாது” என்றாள். “அதே பயத்தை ரெண்டு தரம் காட்டினா படிக்கறவன் சிரிப்பான்.”

“சிரிக்க மாட்டான் டீச்சர். நான் எங்கம்மாகிட்ட சொல்லிப் பாத்தேன். கத்திட்டாங்க.”

“நீ சொன்னா கத்துவாங்க. படிச்சா கத்த மாட்டாங்க. எங்க, கொண்டா.”

அவன் வாசலிலிருந்தே கையை நீட்டினான். தாள் மேசைவரை எட்டவில்லை. அவள் எழுந்துபோய் வாங்கிக்கொள்வாள் என்று நின்றான், ஆறு வருஷப் பழக்கம். அவள் எழவில்லை. அகராதிகள் அடுக்கியிருந்த முக்காலியைக் காலி செய்து, மேசைக்கு எதிரே காலால் தள்ளிவிட்டாள்.

“உள்ள வந்து உக்காந்து சொல்லு” என்றாள்.